கேஸும் இருக்கு, விறகும் இருக்கு: கிராமத்து அடுப்படி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் முதுகுளத்தூர் பக்கம் எங்கள் ஊர். மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறேன். கல்லூரிப் பிள்ளைகள் கணக்கெடுப்புக்கு வந்தாலும் சரி, சென்னையிலிருந்து சொந்தக்காரர்கள் திருவிழாவுக்கு வந்தாலும் சரி, எங்கள் அடுப்படியைப் பார்த்ததும் ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டது. அதனால் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

எல்லா வீட்டிலும் கரண்ட் வந்தாச்சு, கேஸும் வந்தாச்சு. இன்னும் என்ன எரிசக்தி வறுமை?

சமைக்க, வெந்நீர் வைக்க, விளக்கு எரிக்க, காற்றாடி சுற்ற ஒரு குடும்பத்துக்கு வேண்டியது கட்டுப்படியாகிற செலவில், உடம்பைக் கெடுக்காமல் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அதுதான் எரிசக்தி வறுமை. இங்கிலாந்து போன்ற குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக வைத்திருக்க முடியாததைத்தான் இப்படிப் பேச ஆரம்பித்தார்கள். நமக்குச் சூட்டுக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே இங்கே விஷயம் முழுக்க அடுப்பில் இருக்கிறது.

2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, கேஸ், கரண்ட், சாண எரிவாயு மாதிரி புகையில்லாத எரிபொருளில் சமைத்த வீடுகள் நாடு முழுக்க 58.6 சதவீதம். கிராமங்களை மட்டும் எடுத்தால் 43.2. தமிழ்நாட்டில் இது 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. நல்ல எண்தான். ஆனால் அந்தக் கணக்கெடுப்பில் கேட்பது ‘முக்கியமாக எதில் சமைக்கிறீர்கள்’ என்று. காலையில் டீயும் சட்னியும் கேஸில், சோறும் வெந்நீரும் விறகில் என்று ஓடுகிற வீட்டில் ‘கேஸ்’ என்று பதில் சொன்னால், அந்த வீட்டுப் புகை கணக்கிலேயே வராது. எங்கள் தெருவில் பாதி வீடு அப்படித்தான்.

கேஸ் அடுப்பு இருக்கும்போது ஏன் விறகில் சமைக்கிறார்கள்? பழக்கமா, அறியாமையா?

கேட்பவர்கள் ‘அறியாமை’ என்ற சொல்லை எங்கிருந்தோ கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். எங்கள் அத்தைக்குப் பள்ளிக்கூடம் தெரியாது, ஆனால் சிலிண்டர் கணக்கு அத்துப்படி. அதை அப்படியே சொல்கிறேன்.

2025 ஏப்ரலில் 14.2 கிலோ சிலிண்டர் சென்னையில் 868 ரூபாய் 50 காசு. நான்கு பேர் உள்ள வீட்டில் எல்லாச் சமையலும் கேஸிலேயே செய்தால் ஒரு சிலிண்டர் 45 நாள் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 19 ரூபாய் சொச்சம் வருகிறது. இரண்டு டீ விலை. அது யாருக்கும் முடியாத காசு இல்லை. ஆனால் அந்தப் பத்தொன்பது ரூபாயை நாளுக்கு நாள் கொடுத்து யாரும் கேஸ் வாங்க முடியாதே. சிலிண்டர் தீர்ந்த அன்றைக்கு 868 ரூபாயை மொத்தமாக எண்ணி வைக்க வேண்டும். நூறு நாள் வேலைக்கு 2025-26ல் தமிழ்நாட்டுக்கு வைத்த கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். வேலையை அளந்து பார்த்துக் கையில் கிடைப்பது அதைவிடக் குறையும், அதுவும் வங்கிக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆக மூன்று நாள் கூலி ஒரே மூச்சில் போகிறது. அந்த வாரமே பிள்ளைக்குக் காய்ச்சல், சொந்தத்தில் ஒரு காதுகுத்து, கடையில் பாக்கி. எது தள்ளிப்போகும்? முள் விறகு வெட்டப் போனால் அன்றைக்குச் சோறு வெந்துவிடும் என்பதால் சிலிண்டர்தான் தள்ளிப்போகும்.

விலையும் ஒரு நிலையில் நின்றதில்லை. 2023 மார்ச்சில் சென்னையில் 1,118 ரூபாய் 50 காசு வரை போனது. அந்த ஆகஸ்ட் கடைசியில் 200, அடுத்த மார்ச்சில் 100 குறைத்தார்கள், 2025 ஏப்ரலில் மறுபடி 50 ஏற்றினார்கள். ஏறுகிற சமயத்தில் விறகுக்குத் திரும்பிய கை, இறங்கியதும் உடனே கேஸுக்கு வந்துவிடாது.

அப்புறம் இன்னொன்று. ஒரு வீட்டில் அடுப்புக்கு உள்ள வேலை சமையல் மட்டும் இல்லை. குளிக்க வெந்நீர், நெல் அவிக்க, மாட்டுக்குக் கஞ்சி, ஆளுங்களுக்குச் சேர்ந்தாற்போல் சோறு. இதற்கெல்லாம் கேஸைத் திறந்துவிட்டால் சிலிண்டர் இருபது நாளில் உருண்டுவிடும். அதனால்தான் கலந்து எரிக்கிறார்கள். வருமானம் கூடக் கூட மக்கள் படி ஏறுவது மாதிரி விறகை விட்டு மண்ணெண்ணெய், மண்ணெண்ணெயை விட்டு கேஸ் என்று போவார்கள் என ஒரு காலத்தில் புத்தகங்களில் எழுதினார்கள். அப்படி யாரும் ஏறி நான் பார்த்ததில்லை. புதிய அடுப்பு வரும், பழையதும் ஓரத்தில் இருக்கும்.

விறகு சும்மாதானே கிடைக்கிறது?

காசு கொடுக்காமல் கிடைக்கிறது. ‘சும்மா’ என்றால் என்ன என்று ஒரு காலைப்பொழுது எங்களோடு வந்து பாருங்கள்.

எங்கள் பக்கம் விறகு என்றாலே சீமைக்கருவேலம். வேலிக்கருவை என்றும் சொல்வோம். கண்மாய்க்குள், கரையில், தரிசில், சுடுகாட்டில் என்று எங்கும் அதுதான். வெயில் ஏறுவதற்குள் திரும்ப வேண்டும் என்று விடிகாலையில் இரண்டு மூன்று பேராகக் கிளம்புவார்கள். கையில் அரிவாளும் ஒரு தொரட்டியும் பழஞ்சேலையும் இருக்கும். முள்ளைத் தறித்து, கிளையைக் கழித்து, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினால் ஒரு கட்டு இருபது இருபத்தைந்து கிலோ வரும். சேலையைச் சுருட்டிச் சும்மாடு கூட்டி, ஒருத்திக்கு ஒருத்தி தூக்கிவிட்டு, தலையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். கடைசியாகப் போகிறவளுக்குத் தூக்கிவிட ஆள் இல்லை என்பதால் தனியாகப் போவதே இல்லை. சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறும். ஏறி ஒடிந்தால் சீழ் வைத்து ஒரு வாரம் நொண்ட வேண்டியதுதான். ஊசியால் கிளறி முள் எடுப்பது எங்கள் வீடுகளில் வாரம் ஒரு முறை நடக்கும்.

நிலம் யாருடையது என்ற கேள்வியும் உண்டு. கண்மாய் மரத்தை ஏலம் எடுத்தவர் இருப்பார். தரிசுக்காரர் கரிமூட்டம் போடுகிறவருக்கு மரத்தை விற்றிருப்பார். கமுதி, சாயல்குடி வட்டாரத்தில் மண் மூடிய மூட்டம் நாள்கணக்கில் புகைந்துகொண்டிருப்பதைப் பஸ்ஸிலிருந்தே பார்க்கலாம். மரத்தை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், தூர் கிடைத்தால் நமக்கு. 2017ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோது ஊரே கைதட்டியது. தண்ணீரை உறிஞ்சுகிற மரம், போகட்டும் என்றார்கள். போனால் அடுப்புக்கு என்ன வைப்பது என்று கேட்டது பெண்கள் மட்டும்தான். அது எந்தத் தீர்ப்பிலும் வந்த மாதிரி தெரியவில்லை.

இதே கமுதியில் 2016ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. அப்போது ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின்நிலையங்களில் உலகத்திலேயே பெரியது என்று பேசப்பட்டது. அதன் வேலியை ஒட்டின தரிசில் விறகு பொறுக்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவும் தோன்றவில்லை.

ஒரு சிலிண்டர் எத்தனை கிலோ விறகுக்குச் சமம்?

குறைந்த கணக்கில் தோராயமாக 200 கிலோ. எப்படி என்று கேட்டால்: ஒரு கிலோ கேஸில் சுமார் 46 மெகாஜூல் சூடு இருக்கிறது, காய்ந்த விறகில் 16 இருக்கும். கேஸ் அடுப்பு அதில் மூன்றில் இரண்டு பங்கைப் பாத்திரத்துக்குக் கொடுக்கும். மூன்று கல் அடுப்பு 10லிருந்து 15 சதவீதம்தான் கொடுக்கும், மிச்சமெல்லாம் காற்றோடு போய்விடும். பெருக்கிப் பார்த்தால் ஒரு கிலோ கேஸ் செய்கிற வேலைக்கு 13லிருந்து 19 கிலோ விறகு வேண்டும். ஆக குறைந்த கணக்கு வைத்தாலே ஒரு சிலிண்டர் என்பது எட்டுப் பத்துத் தலைச்சுமை. குழுக் கூட்டத்தில் இந்தக் கணக்கைச் சொன்னபோது, “அப்ப ஒரு கட்டு விறகு நூறு ரூவாயா? நாளைக்கே ஆம்பளைங்க வெட்டப் போயிருவாங்க” என்று ஒரு அக்கா சொல்லி எல்லோரும் சிரித்தார்கள்.

நனைந்த விறகு, பச்சை விறகு என்றால் கணக்கு இன்னும் மோசம். ஐப்பசி கார்த்திகையில் அடுப்பு பற்றாது. ஊதாங்குழலை வைத்து ஊதி ஊதிக் கண் சிவந்துவிடும். மழைக்காலத்துக்கு என்று வறட்டியும் பருத்திமாரும் தென்னை மட்டையும் கூரைக்குள் சேர்த்துவைப்பது அதற்குத்தான்.

உஜ்வாலா திட்டத்தில் என்ன கிடைக்கும்? என்ன கிடைக்காது?

மத்திய அரசின் கேஸ் இணைப்புத் திட்டம் இது. 2016 மே 1ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தில் பலியா என்ற ஊரில் தொடங்கினார்கள். ஏழைக் குடும்பத்தில் வயது வந்த ஒரு பெண் பெயரில், வீட்டில் யாருக்கும் கேஸ் இல்லாவிட்டால், டெபாசிட் கட்டாமல் இணைப்பு. 2019 செப்டம்பருக்குள் 8 கோடி இணைப்பு கொடுத்தார்கள். 2021 ஆகஸ்ட்டில் வந்த இரண்டாம் கட்டத்தில் அடுப்பும் முதல் சிலிண்டரும் சேர்த்தே இலவசம். இப்போது மொத்தம் 10 கோடிக்கு மேல். ஆதார், ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு வேண்டும். பிழைப்புக்காக வெளியூர் போனவர்கள் முகவரிக்குச் சுய உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும் என்றும் தளர்த்தினார்கள். தமிழ்நாட்டுக்கு இது புதிதில்லை. 2007லேயே மாநில அரசு இலவச கேஸ் அடுப்பும் இணைப்பும் கொடுத்தது, பல வீட்டில் இருப்பது அந்த அடுப்புதான்.

இணைப்பு கொடுப்பதில் நம் அரசுகள் கெட்டிதான். அடுத்த சிலிண்டரில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் கட்டத்தில் அடுப்பையும் முதல் சிலிண்டரையும் கடனாக வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள், அந்தக் கடனை மானியத்திலிருந்து பிடித்தார்கள். ஆகவே ஆரம்பத்தில் முழு விலை கொடுத்தே ஏழைகள் வாங்க வேண்டியதாயிற்று. உஜ்வாலா வீடுகள் 2019-20ல் சராசரியாக வருஷத்துக்கு வாங்கியது 3 சிலிண்டர், 2023-24ல் 4க்கு அருகில். 45 நாளுக்கு ஒன்று என்று மேலே போட்ட கணக்குப்படி முழுச் சமையலுக்கு வருஷத்துக்கு 8 வேண்டும், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கொரோனா வந்த 2020ல் மூன்று சிலிண்டர் இலவசமாகக் கொடுத்தார்கள். அந்த மாதங்களில் எங்கள் தெருவில் விறகு வெட்டப் போனவர்கள் குறைவு. ருசி, பழக்கம் என்ற பேச்சே அப்போது யார் வாயிலும் வரவில்லை.

மானியம் 2022 மே முதல் 200, 2023 அக்டோபர் முதல் 300 ரூபாய். ஆனால் முதலில் முழுக்காசையும் கொடுத்துவிட வேண்டும், 300 பிறகு வங்கிக்கு வரும். மினிமம் பேலன்ஸ் இல்லையென்று அங்கேயே கொஞ்சம் கழிந்த கதையும் உண்டு. எனக்கே ஒரு முறை மானியம் நான் மறந்துபோன பழைய கணக்குக்குப் போய் எட்டு மாதம் கிடந்தது. ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தீர்களோ அதற்குத்தான் போகும். வரவில்லையென்றால் முதலில் அதைப் பாருங்கள், ஏஜென்சியில் சண்டை போடுவது அப்புறம்.

5 கிலோ சிலிண்டர் வாங்கலாமே?

நல்ல யோசனை. உஜ்வாலாவிலேயே 14.2க்குப் பதில் 5 கிலோ கேட்டு வாங்கலாம். சைக்கிளில் வைத்தே கொண்டுவரலாம், ஒரே நேரத்தில் பெரிய தொகை புரட்ட வேண்டியதும் இல்லை. சீக்கிரம் தீருகிறது, அடிக்கடி புக் செய்ய வேண்டும் என்பது குறை. எங்கள் பக்கம் கேட்டால் ஏஜென்சிக்காரர் ஸ்டாக் இல்லை என்றே சொல்கிறார், விடாமல் கேட்கத்தான் வேண்டும். முகவரிச் சான்று இல்லாதவர்கள் வெறும் அடையாள அட்டையைக் காட்டி மானியமில்லாத 5 கிலோ வாங்கலாம். செங்கல் சூளைக்குப் போகிற குடும்பங்களுக்கு அது உதவும்.

வீட்டு வாசலுக்குக் கொண்டுவரத் தனியாகக் காசு கேட்கிறார்கள். கொடுக்க வேண்டுமா?

பில்லில் உள்ள விலையிலேயே வீட்டுக்குக் கொண்டுவரும் கூலி அடங்கியிருக்கிறது. சட்டம் அப்படி. ஊர் முக்குரோட்டில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தால் நாம் போய் உருட்டிக்கொண்டு வருகிறோம், அதற்கும் மேல் காசு கொடுக்கிறோம். நடப்பு அப்படி. அவசரத்துக்குக் கொண்டுவந்து தருகிற பையனைப் பகைத்துக்கொள்ள யாரும் துணிவதில்லை, நானும்தான்.

விறகடுப்புச் சோறுதான் ருசி என்கிறார்களே?

மண்சட்டியில் வைத்த மீன்குழம்புக்கு அது உண்மை. அதைச் சொல்கிறவர் ஊதாங்குழல் பிடிக்கிறவரா என்று மட்டும் கவனியுங்கள்.

வீட்டில் எந்த எரிபொருள் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

விறகு வெட்டுவது, சுமப்பது, ஊதுவது பெண். கேஸுக்குக் காசு கொடுப்பது பெரும்பாலும் ஆண். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் பிரச்சினை. பெண்ணின் நேரத்துக்கு வீட்டில் விலை போடுவதில்லை, அதனால் விறகு ‘மிச்சம்’ என்று தோன்றுகிறது. அவளுக்கு வேலைக்குப் போய்க் கூலி வரும் என்ற நாளில் கணக்கு தானாக மாறும். நடவு, களையெடுப்பு உள்ள மாதங்களிலும், கம்பெனி வண்டி வந்து வேலைக்கு ஏற்றிப்போகிற ஊர்களிலும் கேஸ் அதிகம் ஓடுவதைக் கவனித்திருக்கிறேன். குழுவில் சிலிண்டருக்கென்று வாரம் 25 ரூபாய் தனியாகக் கட்டச் சொல்லிப் பார்த்தோம். பதினான்கு பேரில் ஒன்பது பேர் விடாமல் கட்டினார்கள். 45 நாளில் சிலிண்டர் விலை சேராதுதான், ஆனால் கைமாற்று வாங்கும் தொகை குறைந்தது. மாதவருமானம் உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம்.

புகை உண்மையிலேயே அவ்வளவு கெடுதலா? எங்கள் அப்பத்தா தொண்ணூறு வயதுவரை இருந்தாரே?

இருந்திருப்பார். மேலுக்கு முடியாமல் இளைத்து இளைத்து இருமியபடி ஐம்பத்தைந்தில் போனவர்களின் பேரன்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. வீட்டுப் புகையால் உலகம் முழுக்க வருஷத்துக்கு 32 லட்சம் பேர் சாகிறார்கள் என்பது 2020ஆம் ஆண்டுக்கு உலக சுகாதார நிறுவனம் போட்ட மதிப்பீடு. நுரையீரல் அடைப்பு, மாரடைப்பு, பக்கவாதம், குழந்தைகளுக்கு நிமோனியா. பீடி சிகரெட் தொடாத பெண்களுக்கு வருகிற நீடித்த இளைப்புக்கு அடுப்புப் புகை ஒரு முக்கியக் காரணம். அடுப்புப் புகையை முதன்முதலில் அளந்து பார்த்தவர்களில் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க விஞ்ஞானி முக்கியமானவர். 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமத்துப் பெண்கள் சமைக்கும்போது சுவாசிக்கிற காற்றைக் கருவி மாட்டி அளந்தார்.

நம்மூர் ஆராய்ச்சி ஒன்றும் உண்டு. 2018ல் தொடங்கி இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா என்று நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளை எடுத்துக்கொண்டார்கள். இந்தியாவுக்கு அது நடந்தது தமிழ்நாட்டில், சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் நடத்தியது. பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பும் பதினெட்டு மாதத்துக்கு கேஸும் இலவசம், மீதிப் பேர் வழக்கம்போல விறகு. இலவசமாகக் கிடைத்தவர்கள் ஏறக்குறைய முழுக்கக் கேஸிலேயே சமைத்தார்கள். அவர்கள் சுவாசித்த நுண்துகள் ஒரு கனமீட்டருக்குச் சுமார் 24 மைக்ரோகிராம், விறகுக்காரர்களுக்கு 71. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற ஆண்டு வரம்பு 5 என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஆனால் குழந்தைகளின் பிறப்பு எடையில் 20 கிராம் வித்தியாசம்தான் இருந்தது, அது பெரிய வித்தியாசமாகக் கணக்கில் வராது என்றார்கள். சிலர் இதைக் காட்டி, பார்த்தாயா, புகை ஒன்றும் செய்யாது என்கிறார்கள். பிறப்பு எடையை அளந்த ஆராய்ச்சி அம்மாவின் நாற்பது வருஷ நுரையீரலுக்குச் சான்றிதழ் தராது. நம் அடுப்பை மட்டும் மாற்றிவிட்டு, பக்கத்து வீட்டுப் புகையையும் குப்பை எரிக்கிற புகையையும் சுவாசித்தால் பலன் முழுசாகக் கிடைக்காது என்றும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

புகையில்லா அடுப்பு என்று கொடுத்தார்களே, அது என்ன ஆனது?

1980களில் மத்திய அரசு தேசியத் திட்டமாகத் தொடங்கி 2002 வரை நடத்தியது. நாடு முழுக்க 3 கோடிக்கு மேல் கட்டினார்கள். எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. புகைபோக்கிக் குழாய் ஒரு மழையில் சரிந்தது, உள்ளே கரி அடைத்தது, சுத்தம் செய்யச் சொல்லித்தர யாரும் வரவில்லை. வாய் சின்னது என்பதால் விறகைப் பொடிப்பொடியாக நறுக்க வேண்டும், அதற்கு யாருக்குப் பொறுமை? அம்மா ஒரு நாள் கடப்பாரையை எடுத்து அதை உடைத்துவிட்டு, பழையபடி கொடியடுப்புப் போட்டாள். கொடியடுப்பு தெரியாதவர்களுக்கு: பெரிய அடுப்பில் எரிகிற தீ பக்கத்துத் துளை வழியாகப் போய் இன்னொரு சின்ன அடுப்பையும் சூடாக்கும். ஒன்றில் சோறு, கொடியில் குழம்பு. ஒரே விறகில் இரண்டு வேலை நடக்கும் அந்த வடிவத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திட்டம் போட்டவர்கள் எங்கள் அம்மாவிடம் கேட்டிருக்கலாம்.

ஒடிசாவில் இரண்டாயிரத்துச் சொச்சம் வீடுகளில் சில வருஷம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வும் இதையே சொன்னது. முதல் வருஷம் புகை குறைந்தது. பிறகு அடுப்பு பழுதானது, யாரும் சரிசெய்யவில்லை, பலனும் மறைந்தது.

சாண எரிவாயு?

மாடு இருந்தால் நல்லது. நாலைந்து பேர் வீட்டுக்கு 2 கனமீட்டர் கலன் வேண்டும், அதற்குத் தினம் 50 கிலோ சாணம், ஒரு மாடு பத்து கிலோ என்றால் நாலைந்து மாடு. கரைக்கத் தண்ணீரும் அதே அளவு. எங்கள் ஊரில் குடிக்கவே குடம் எண்ணுகிற மாதங்கள் உண்டு. ஆக இது மாட்டுக்கும் கிணற்றுக்கும் சொந்தக்காரர்களின் அடுப்பு. நிலமில்லாதவர்களுக்குச் சொல்லிப் பயனில்லை.

100 யூனிட் இலவசம்தானே, இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிவிட்டால் என்ன?

நான் இப்போது அதிகம் யோசிப்பது இதைத்தான். தமிழ்நாட்டில் 2016 மே முதல் எல்லா வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரு சிலிண்டர் செய்கிற வேலையை இண்டக்‌ஷன் சுமார் 140 யூனிட்டில் செய்துவிடும். இரண்டு மாதத்துக்கு 180, 190 யூனிட் வரும். ஆனால் இலவச நூறு ஏற்கெனவே ஃபேன், டிவி, மிக்சிக்கே போய்விடும், அடுப்பு யூனிட் முழுக்கக் காசு யூனிட்தான். ஸ்லாப் முறையில் கூடக் கூட ஒரு யூனிட் விலையும் ஏறும். உங்கள் பழைய ரீடிங்கோடு 180ஐக் கூட்டி எந்த ஸ்லாபில் விழுகிறது என்று முதலில் பாருங்கள்.

அதைவிட முக்கியம் வீட்டு வயரிங். குடிசைக்கு ஒரு விளக்கு என்று கொடுத்த இணைப்பில் மெல்லிய வயரை இழுத்து ஓட்டுகிற வீடுகளில் 2,000 வாட் அடுப்பைச் சொருகினால் பிளக் உருகும். சாயங்காலம் ஆறு மணிக்கு வோல்டேஜ் இறங்கி டியூப்லைட் மினுக்குகிற ஊரில் அடுப்பு நின்று நின்று எரியும். பாத்திரமும் மாற வேண்டும், நம் அலுமினியச் சட்டி அதில் வேலைக்கு ஆகாது. காலை நேர இட்லிக்கும் பாலுக்கும் வைத்துக்கொள்ளலாம். சரி, விறகின் இடத்தை அது பிடிக்குமா? என்னைக் கேட்டால், கேஸைக் கொஞ்சம் மிச்சப்படுத்தும், அவ்வளவுதான்.

சோலார் வீடு, மண்ணெண்ணெய் பற்றி?

2011ல் தொடங்கிய பசுமை வீடு திட்டத்தில் 300 சதுர அடி வீடும் ஐந்து சோலார் விளக்கும் கொடுத்தார்கள். வீடு நிற்கிறது. பேட்டரி போன பிறகு விளக்கு எரிகிற வீடு எங்கள் ஊரில் ஒன்றுகூட இல்லை. ரேஷன் மண்ணெண்ணெய் கேஸ் இணைப்பு முத்திரை விழுந்த அட்டைக்கு நின்றுபோனது. சிலிண்டர் தீர்ந்த பத்து நாளுக்கு ஸ்டவ்வைப் பம்ப் அடித்து ஓட்டிய வழி அதோடு அடைந்தது, மிச்சம் இருப்பது விறகு மட்டும்.

நகரத்துக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லையே?

இலங்கையில் 2022ல் நடந்ததைக் கேட்டால் அப்படிச் சொல்லமாட்டீர்கள். 12.5 கிலோ சிலிண்டர் அந்த ஏப்ரலில் ஒரே தடவையில் 2,675லிருந்து 4,860 இலங்கை ரூபாய் ஆனது. காசு வைத்திருந்தவர்களுக்கும் கிடைக்கவில்லை, வெறும் சிலிண்டரை ரோட்டோரம் வரிசையாக அடுக்கிவைத்துக் காத்திருந்தார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீடுகளில் விறகு ஏற்கெனவே இருந்தது. கொழும்பு மாடி வீடுகளில் அடுப்பு மூட்டத் தரையே இல்லை.

கசிவு வாசம் வந்தால் என்ன செய்வது?

ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள், சுவிட்ச் எதையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். 1906க்கு போன் செய்யுங்கள். ரப்பர் குழாயை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அடுப்பு எப்போதும் சிலிண்டரைவிட உயரத்தில் இருக்கட்டும். தரையில் வைத்துச் சமைத்துப் பழகிய வீடுகளில்தான் இது தவறுகிறது.

சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று எப்படிப் பார்ப்பது?

தூக்கி ஆட்டிப் பார்க்காதீர்கள். ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழ்வரை ஒரு துடை துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நில்லுங்கள். காலியான மேல்பகுதி சீக்கிரம் காய்ந்துவிடும், கேஸ் உள்ள பகுதி ஈரமாகவே இருக்கும். நடுவில் தெரிகிற கோடுதான் அளவு. எங்கள் அத்தை அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கீற்றுப் போட்டுப் பக்கத்தில் தேதி எழுதச் சொல்லும். “ஏத்தா, இன்னும் எத்தன நாளு ஓடும்?” என்று என்னைத்தான் கேட்கும், ஆனால் பதிலுக்குக் காத்திருக்காது. கீற்று பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் மறுநாள் விடிவதற்கு முன்பே அரிவாளைத் தேடும்.